எச்ஆர் கோடு ஏன் புள்ளியாகச் சுருங்குகிறது?

பாம்பன் கருவாட்டுக் கடையின் இணையப் பக்கத்தில் நெத்திலி, வாளை, சீலா விலைகளுக்கு நடுவே எச்ஆர் டேக் (குறுக்குக் கோடு போடும் HTML குறி, hr) போட்டால் புள்ளி மட்டும் தெரிகிறது என்கிறீர்கள். ஃபிளெக்ஸ் (பக்கத்தில் உள்ளவற்றை அடுக்கும் CSS முறை, flex) வைத்து மேலிருந்து கீழாக அடுக்கியதுதான் காரணம். எச்ஆருக்கு இடமும் வலமும் மார்ஜின் ஆட்டோவை (மிச்ச இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் வெளி ஓரம்) பிரவுசரே கொடுக்கும். ஃபிளெக்ஸுக்குள் அது கோட்டை நீள விடாது. எச்ஆருக்கு விட்த் (அகலம்) 100% கொடுங்கள்.

நிறம் மாற்ற, CSS-இல் முதலில் பார்டர் (ஓரக் கோடு) 0, அடுத்த வரியில் பார்டர்-டாப் (மேல் ஓரக் கோடு) 1 பிக்சல் சாலிட், கூடவே வேண்டிய நிறம். வரிசையை மாற்றினால் கோடே காணாமல் போகும்.

உண்மையில் மீனுக்கு மீன் எச்ஆர் எதற்கு? பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் பல திரைவாசிப்பான்கள் ஒவ்வொன்றையும் பிரிப்பான் என்று வாசித்துக் காதைத் துளைக்கும். கருவாடு முடிந்து பச்சை மீன் தொடங்கும் இடத்துக்கு மட்டும் அதை வையுங்கள். மற்ற வரிகளுக்கு பார்டர்-பாட்டம் (கீழ் ஓரக் கோடு). கடைசி வரிக்கு லாஸ்ட்-சைல்டு (கடைசி உறுப்பை மட்டும் குறிக்கும் CSS தேர்வு) வழியாக அதை நீக்கிவிடுங்கள்.