வாசகர் கேள்வி – பதில்: பிஎஸ்பியில் சொந்தமாக ஒரு பிளகின்

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

பாவித்த பிஎஸ்பி 3000 (சோனியின் கையடக்கக் கேம் கன்சோல்) ஒன்று வாங்கினேன். 6.61 என்று காட்டுகிறது. சி மொழி ஓரளவு தெரியும். கேமோடு சேர்ந்து ஓடும் சிறு நிரலான பிளகின் எழுதத் தொடங்க என்ன வேண்டும்?
– வாசகர், பண்டாரவளை

6.61 தான் அந்தக் கன்சோலுக்கு வந்த கடைசி ஃபேர்ம்வெயர், அதாவது உள்ளிருக்கும் இயக்க மென்பொருள். அதை மாற்ற வேண்டியதில்லை. அதன்மேல், சொந்த நிரல்களை ஓடவிடும் ஆர்க்-4 கஸ்டம் ஃபேர்ம்வெயரைத் தற்காலிக முறையில் ஏற்றுங்கள். முற்றாக அணைத்தால் அது போய்விடும், ஒவ்வொரு தடவையும் மறுபடி இயக்க வேண்டும். இதைச் சிலர் தொல்லை என்பார்கள். பழகுபவருக்கு இதுதான் பாதுகாப்பு. உங்கள் பிளகின் எதையாவது குழப்பினாலும், பவர் சுவிட்சை மேலே தள்ளிப் பிடித்து அணைத்தால் அடுத்த தடவை சுத்தமாகவே எழும்பும்.

கணினியில் உபுண்டு இருந்தால், பிஎஸ்பிக்கான கம்பைலர் தொகுப்பான பிஎஸ்பிடெவ்வை இறக்கி விரித்து, அது கேட்கும் துணைப் பக்கேஜ்களைப் போட்டு, அதன் இடத்தைப் பாத் பட்டியலில் சேருங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்தும் கம்பைல் பண்ணலாம், ஆனால் யூஎஸ்பியை அதற்குள் கொண்டுவருவது தனி வேலை. கேபிள் ஐந்து பின் மினி யூஎஸ்பி, பழைய டிஜிட்டல் கமராக்களோடு வந்ததே பொருந்தும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளில் டேட்டா வயர் இருக்காது. 'கனெக்ட் ஆகவில்லை' என்ற புகார்களில் பாதி அங்கேதான்.

கம்பைல் ஆகிவரும் பிஆர்எக்ஸ் கோப்பை மெமரி ஸ்டிக்கில் செபிளகின்ஸ் ஃபோல்டருக்குள் போட்டு, அங்கேயே பிளகின்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்: கேம், எம்எஸ்0:/செபிளகின்ஸ்/டெஸ்ட்.பிஆர்எக்ஸ், ஆன். விண்டோஸ் கோப்பின் வாலை மறைப்பதால் பெயர் டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி என்று முடிந்துவிடுவதுண்டு. அப்போது பிழைச்செய்தி எதுவும் வராது, பிளகின் சும்மா ஓடாமல் கிடக்கும்.

பிளகினைப் போட்டால் கேம் கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. எடுத்தால் சரியாக ஓடுகிறது. எங்கே தேடுவது?
– வாசகர், ஹட்டன்

முதலில் மொட்யூல்_ஸ்டார்ட் ஃபங்ஷனைப் பாருங்கள். அதற்குள்ளேயே வைல் லூப் எழுதியிருந்தால் அது திரும்பி வராது. கேமும் காத்துக்கொண்டே இருக்கும். அங்கே செய்ய வேண்டியது ஒரு த்ரெட்டை (கேமோடு இணையாக ஓடும் தனி ஓட்டம்) உண்டாக்கி, தொடக்கிவிட்டு, சுழியத்தைத் திருப்பி அனுப்புவது மட்டும்.

அது சரியென்றால் த்ரெட்டின் லூப்பைப் பாருங்கள். பிஎஸ்பியில் முன்னுரிமை எண் குறையக் குறைய உரிமை கூடும். மாதிரி நிரல்களில் பிளகின் த்ரெட்டுக்கு ஹெக்ஸ் (பதினாறடி எண்) 18 என்று கொடுத்திருப்பார்கள்; கேமின் முதன்மை த்ரெட் பொதுவாக ஹெக்ஸ் 20 அளவில் இருக்கும். ஓய்வே இல்லாமல் சுற்றும் 18, 20-க்கு வாய்ப்பே தராது. லூப்பின் கடைசியில் எஸ்சிஇகேர்னல்டிலேத்ரெட் (இதில் மட்டும் கேர்னல், டிலே, த்ரெட் மூன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்து) அழைப்பை 100000 என்ற மதிப்போடு வையுங்கள். அது மைக்ரோசெக்கன் கணக்கு, அதாவது செக்கனில் பத்தில் ஒரு பங்கு. பட்டனைப் படிக்கவும் 'ரீட்' வகையை விட்டு 'பீக்' வகையைப் பாவியுங்கள். அது காத்திருக்காமல் உடனே திரும்பும்.

மூன்றாவது ஸ்டேக், அதாவது த்ரெட் தன் உள் மாறிகளை வைக்கும் நினைவிடம். அதே மாதிரி நிரலில் ஸ்டேக் ஹெக்ஸ் 1000, அதாவது 4096 பைட். ஃபங்ஷனுக்குள் 4096 பைட்டில் ஒரு பஃபர் அறிவித்தால் அதுவே முழு ஸ்டேக்கையும் விழுங்கும். பெரிய பஃபரை வெளியே ஸ்டாட்டிக்காக வையுங்கள்.

எந்த வரியில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் மெமரி ஸ்டிக்கில் ஒரு லொக் கோப்பு எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் திறந்து, எழுதி, மூடுங்கள். திறந்தபடியே வைத்திருந்தால், விழும்போது கடைசி வரியும் சேர்ந்து தொலையும். உங்களுக்கு வேண்டியதோ அந்த ஒரு வரிதான்.

கணினியில் பிஎஸ்பி போல இயங்கும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் ஓடும் என் ஹோம்ப்ரூ (சொந்தமாக எழுதிய நிரல்) உண்மையான கன்சோலில் விழுகிறது. ஏன்?
– வாசகர், தலவாக்கலை

பெரும்பாலும் முகவரி ஒழுங்கு. பிஎஸ்பியின் சிபியு மிப்ஸ் வகை. நான்கு பைட் எண்ணை நான்கால் வகுபடும் முகவரியிலிருந்துதான் எடுக்கும், இல்லையேல் எக்ஸெப்ஷன். எமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. கோப்பிலிருந்து வாசித்த பைட்களின் நடுவில் இன்ட் பொயின்டரை வைப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். மெம்கொப்பி பண்ணி எடுங்கள். அடுத்தது நினைவகம்: கேமுக்கும் ஹோம்ப்ரூவுக்கும் வழமையாகக் கிடைப்பது 24 எம்பி. இடம் கேட்டுக் கிடைக்காவிட்டால் 80020190 என்ற பிழை எண் வரும். அதைப் பார்க்காமல் பொயின்டரைத் தொட்டால் விழும்.

ஊகிப்பதை விட்டு கன்சோலையே கதைக்க வைக்கலாம். யூஎஸ்பி வழியே கணினியோடு பேசும் பிழைதேடும் கருவியான பிஎஸ்பிலிங்கைக் கன்சோலில் இயக்குங்கள். கணினியில் ஒரு டேர்மினலில் யூஎஸ்பிஹோஸ்ட்எஃப்எஸ்_பிசி, இன்னொன்றில் பிஎஸ்பிஷ். முதலாவது சாதனத்தைக் காணாவிட்டால் சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) இயக்கிப் பாருங்கள், உபுண்டுவில் அனுமதிச் சிக்கல் சகஜம். பிறகு எல்டிஸ்டார்ட் என்று தட்டி கோப்பின் பெயரைக் கொடுங்கள். மெமரி ஸ்டிக்கைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை, கோப்பு நேரே கணினியிலிருந்து போகும்.

விழுந்ததும் ஒரு பட்டியல் வரும். அதில் இபிசி என்பது விழுந்த இடம். 08812468 என்று வைத்துக்கொள்வோம். மொட்இன்ஃபோ கட்டளையில் @ குறியோடு மொட்யூலின் பெயரைக் கொடுத்தால் டெக்ஸ்ட்அட்ர், அதாவது அதன் நிரல் தொடங்கும் முகவரி கிடைக்கும். அது 08812000 என்றால் கழித்து வருவது 468. அதை பிஎஸ்பி-அட்ர்2லைன் கருவிக்குக் கொடுத்தால் மூலக்கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். கொடுக்க வேண்டியது கம்பைலின்போது பிஆர்எக்ஸுக்கு முன் உண்டாகும் ஈஎல்எஃப் கோப்பை, பிஆர்எக்ஸை அல்ல. மேக்ஃபைலில் -ஜி போட்டுக் கம்பைல் பண்ணியிருக்கவும் வேண்டும். அதே பட்டியலில் பேட்விஅட்ர் (தொட முயன்ற தவறான முகவரி) வெறும் சுழியமாக இருந்தால் வெற்றுப் பொயின்டர். நான்கால் வகுபடாத எண்ணாக இருந்தால் மேலே சொன்ன ஒழுங்குச் சிக்கல். காட்டும் வரியில் பிழையே தெரியாமல் ஒரு தாவல் மட்டும் இருந்தால், அதற்கு அடுத்த கட்டளையைப் பாருங்கள். மிப்ஸில் தாவலுக்குப் பின்னுள்ள கட்டளையும் தாவலோடு சேர்ந்தே ஓடும், அது விழுந்தால் இபிசி தாவலைத்தான் காட்டும்.

64 ஜிபி மைக்ரோஎஸ்டியை அடாப்டரில் போட்டால் ஏற்கவில்லை. பெட்டரி மூடியும் சரியாக மூடுவதில்லை.
– வாசகர், நுவரெலியா

அந்த அளவுக் கார்ட் எக்ஸ்ஃபெட் என்ற கோப்பு அமைப்பில் வரும். பிஎஸ்பிக்கு ஃபெட்32 தான் தெரியும். கன்சோலின் செட்டிங்ஸிலேயே ஃபோர்மட் பண்ணுங்கள். அப்போதும் ஏற்காவிட்டால் அடாப்டரின் தொடுமுனைகளை ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பனியும் ஈரமும் உள்ள ஊரில் அவை சீக்கிரம் கறுக்கும்.

மூடி எழும்புகிறதென்றால் பெட்டரி ஊதிவிட்டது. அழுத்தி மூடவோ குத்தவோ வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள். கழற்றி, எரியும் பொருள் அண்டாத இடத்தில் தனியே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வேறு பெட்டரி கிடைக்கும்வரை 5 வோல்ட் அடாப்டரிலேயே கன்சோல் ஓடும். கரண்ட் போனால் அதுவும் அந்த நொடியே அணையும் என்பதால், மெமரி ஸ்டிக்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் இடி மின்னல் நேரத்தைத் தவிருங்கள்.