முகத்தை மூடிக்கொண்டு மேடையேறி பெண்ணுரிமைக் கவிதை சொன்னால் அது பெண்ணியமா?

ஹிஸ்ஸா ஹிலாலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சவுதிக்காரர், நாலு பிள்ளைக்குத் தாய். 2010 மார்ச்சில் அபுதாபி டிவியின் 'மில்லியன் கவிஞர்' போட்டியில், கண் மட்டும் தெரிகிற கறுப்பு உடையில் வந்து, வாய்க்கு வந்தபடி ஃபத்வா (மதத் தீர்ப்பு) கொடுக்கிற மதகுருக்களைச் சாடினார். நீங்கள் அவர் போட்டோவைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டீர்கள் போல.

நான் அப்போது வளைகுடாவில் நர்ஸ். உனக்கு அரபி தெரியுமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். 'வலிக்குதா, திரும்பிப் படு' அளவுக்கு வார்டு அரபிதான். சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்த ஒரு பாட்டி, நான் டிரிப்ஸ் மாற்றப் போனால் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அந்தப் போட்டியில் சொல்வது நபதிக் கவிதை, பாலைவனத்து ஜனங்கள் வாய்வழியாக வளர்த்தது. அடிக்கு அடி கடைசியில் ஒரே ஓசை (இயைபு) வரும். ஹிஸ்ஸா அடியை முடிப்பதற்குள் பாட்டியின் உதடு கடைசிச் சொல்லைச் சொல்லிவிடும். ஓர் இடத்தில் மட்டும் உதடு அசையவில்லை. பிறகு மகளிடம் ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டேன். "இவளைச் சும்மா விடமாட்டார்களாம்" என்றாள் மகள். கொலை மிரட்டல் வந்த செய்தியை அப்புறம்தான் பேப்பரில் பார்த்தேன்.

அதற்கு முந்தின மாசம்தான், ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் வேலை செய்யலாம் என்று வாதாடுகிறவர்களைக் கொல்லலாம் என்கிற தினுசில் சவுதியில் ஒருவர் ஃபத்வா கொடுத்திருந்தார். ஆண் டாக்டரோடு தினமும் ரவுண்ட்ஸ் போகிறவள் நான்!

முகத்திரைக்கு ஹிஸ்ஸாவே பேட்டியில் காரணம் சொல்லியிருக்கிறார்: தனக்குப் பயமில்லையாம், வீட்டு ஆண்களை மற்ற ஆண்கள் ஏசுவார்களாம். இது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பர்தாவுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியில் இறுதிச்சுற்றுக்கு வந்த முதல் பெண் அவர். மூன்றாம் பரிசு, 30 லட்சம் திர்ஹாம்.

என் கதையைக் கேளுங்கள். ஊர் திரும்பியபின் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா? (வேறு தலைப்பே கிடையாதா இவர்களுக்கு?) எட்டு வருஷம் நான் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீட்டின் பத்திரத்தில் என் பெயர் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவர் மணியை அடித்தார். "சிரிக்கிற மாதிரி சொல்லும்மா, ஜனங்க தூங்குது." முன்வரிசையில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்திருந்தார். நான் உடனே ஒரு மாமியார் ஜோக்குக்குத் தாவினேன். நல்ல கைதட்டல். முகத்தில் ஒரு துணியும் இல்லை எனக்கு.

முடிந்ததும் ஆண் பேச்சாளர்களுக்குப் பொன்னாடையும் கவரும் கொடுத்தார்கள். எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அதுவும் மூடி சேராதது. மாற்றித் தரச்சொல்லி விழாக் கமிட்டிக்கு மூன்று தடவை போன் போட்டேன், ஒருத்தரும் எடுக்கவில்லை.