சுவரில் பதிக்கும் மின் கணப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

கே: 36 அங்குலத்துக்குப் பதில் 50 அங்குலம் வாங்கினால் சூடு கூடுமா?

ப: கூடாது. கூடுவது நெருப்புபோல் தெரியும் விளக்கொளிக் காட்சி மட்டும்தான். உள்ளே இருக்கும் ஹீட்டர் பெரும்பாலும் அதே 1,500 வாட்.

கே: புகைபோக்கி வேண்டுமா?

ப: எதுவும் எரியவே இல்லையே, புகை எங்கிருந்து வரும்? வேண்டாம்.

கே: அகச்சிவப்புக் கதிர் மாடல் பாதி மின்சாரத்தில் அதே சூடு தரும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

ப: மாதம் தவறாமல் வரும் கடிதம் இது. எனக்கும் மாதம் தவறாமல் கோபம் வருகிறது. கம்பிச் சுருளோ, குவார்ட்ஸ் குழாயோ, செராமிக்கோ, 1,500 வாட் இழுத்தால் 1,500 வாட் சூடுதான் வரும். மணிக்கு ஒன்றரை யூனிட். ஒன்று காற்றைச் சூடாக்கி ஊதும், இன்னொன்று எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்காலை நேராகச் சுடும். வித்தியாசம் அவ்வளவுதான். "விசேஷத் தொழில்நுட்பம்" என்று வந்த ஒரு பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு குவார்ட்ஸ் குழாய், ஒரு செம்புத் தகடு, உள்ளங்கை அகல மின்விசிறி. முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் 1,500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது! விளம்பரத்தைப் படிக்கிறவர்கள் அந்தச் சீட்டைப் படிப்பதில்லை. செலவழித்த மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சூடு வேண்டுமென்றால் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துவரும் ஹீட் பம்ப் வேண்டும். அது வேறு சாதனம். கணப்பால் மிச்சம் பிடிக்க ஒரே வழிதான்: இருக்கும் அறையை மட்டும் கதவடைத்துச் சூடாக்கி, மற்ற அறைகளில் குறைத்துக்கொள்வது. அந்த மிச்சம் உங்கள் சாமர்த்தியம், பெட்டியுடையது அல்ல.

கே: பிளக் பாயிண்ட் தள்ளி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

ப: கூடாது. கூடவே கூடாது. 120 வோல்ட்டில் இது 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 230 வோல்ட்டில் ஆறரை. அதுவும் மணிக்கணக்கில். போர்டிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர். சுவரை மூடும் முன்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், டைல்ஸ் ஒட்டிய பிறகு அல்ல.

கே: டிவிக்குக் கீழே வைக்கலாமா? நல்ல மாடல்தான்.

ப: "நல்ல மாடல்" என்பது மாடல் எண் ஆகாது. சூடான காற்று எங்கே வெளியேறுகிறது என்று எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்க்க? முன்பக்கம் ஊதினால் பெரும்பாலும் பயமில்லை. மேல் விளிம்பில் ஊதினால் டிவியின் அடிப்பக்கம்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். கையேட்டில் சொன்ன இடைவெளியை விட்டபின், ஹீட்டரை முழு வேகத்தில் அரைமணி ஓட்டி, டிவி வரப்போகும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை பொறுக்கவில்லை என்றால் டிவியும் பொறுக்காது.

கே: செங்கல் சுவரை வெட்டிப் பதிக்கலாமா?

ப: சுமை தாங்கும் சுவரென்றால் தொடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி அதில் பதியுங்கள். திறப்பின் அளவைக் கையேட்டில் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தை அளந்து வெட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும், ஏனென்றால் சட்டம் உடலைவிட அகலம். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகே வெட்டுங்கள். தனி லைனும் அப்போதே.

கே: நீர்ப்பனியில் நெருப்பு காட்டும் வகை எப்படி?

ப: அழகில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தொட்டிக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் படிவு. சோம்பேறிகளுக்கு எல்இடி போதும்.

கே: வெயில் காலத்தில் நெருப்பை மட்டும் எரிய விடலாமா?

ப: தாராளமாக. ஹீட்டரை அணைத்துவிட்டால் ஒரு பல்பு அளவுக்குத்தான் செலவு.

கே: புதுக் கணப்பில் கருகல் வாடை வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

ப: முதல் ஓரிரு மணி நேரம் சுருளில் ஒட்டிய தூசும் எண்ணெயும் கருகும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாடை பிளாஸ்டிக் போல இருந்தால் பிரேக்கரை இறக்கிவிட்டு பிளக்கின் பின்னைப் பாருங்கள். பழுப்பேறியிருக்கிறதா? அப்படியானால் மேலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டவருக்கு எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.