டிராஃப்ட்டில் எடுத்த கல்லூரி பிட்சரை ஏன் உட்கார வைக்கிறார்கள்?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அமெரிக்க பேஸ்பால் அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்ட்டில் தங்கை மகனை ஒரு அணி எடுத்திருக்கிறது, கல்லூரியில் வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்கு அவன்தான் பிட்சர் (பந்து வீசுபவன்), இப்போது ஃப்ளோரிடாவில் ஒரு மாதமாக ஆட்டத்தில் இறக்கவே இல்லை. ஒதுக்குகிறார்களா, உச்ச மட்டமான மேஜர் லீக்குக்கு எப்போது போவான்?

ஒதுக்கவில்லை. பையன் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வீசிவிட்டுத்தான் அங்கே போயிருக்கிறான். பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிராஃப்ட்டின் முதல் ஆள். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருடம் 120 இன்னிங்ஸுக்கு மேல் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) வீசியிருந்தார். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கோடையில் அவரை எடுத்த பைரேட்ஸ் அணி 7 இன்னிங்ஸ்கூட வீச விடவில்லை. அடுத்த மே மாதம் மேஜர் லீக்கில் இருந்தார். அதே வேகத்தை உங்கள் பையனிடம் எதிர்பார்க்காதீர்கள், அது அபூர்வம். 2013-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட மார்க் அப்பெல் மேஜர் லீக்கில் முதல் பந்தை வீசியது 2022-ல்.

நான் கோச் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆளும் இல்லை. "இவனுக்கு என்ன தெரியும்" என்று யாராவது கீழே எழுதுவதற்குமுன் சொல்லிவிடுகிறேன், 2018-ல் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு பிட்சர் தங்கியிருந்தான். அயோவாவில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறோம். அப்போதெல்லாம் மேஜர் லீக்குக்குக் கீழே ஆடி வளரும் மைனர் லீக் பையன்களை ஊர்க் குடும்பங்கள்தான் வீட்டில் வைத்துக்கொள்ளும். சீசனில் வாரச் சம்பளம் 290 டாலர், அதில் வாடகை எங்கே கொடுப்பது? என் மனைவி அவனைத் தம்பி என்றே கூப்பிடுவாள், அவனும் அதுதான் தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பான்.

கல்லூரியிலிருந்து வருகிறவனுக்கு எது மாறுகிறது என்று அவனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அங்கே வாரத்துக்கு ஒரு நாள் வீசுவான், மீதி ஆறு நாளும் கை தேறும். இங்கே ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, நடுவில் இரவு முழுக்க பஸ். அங்கே ஒவ்வொரு பந்துக்கும் கோச் வெளியிலிருந்து குறி சொல்வார், இங்கே கேட்சரும் அவனுமே யோசிக்க வேண்டும். கல்லூரியில் உலோக மட்டை, உடம்பை ஒட்டி வீசினாலும் கைப்பிடியில் பட்ட பந்து தள்ளிப் போய் விழுந்துவிடும், அதனால் வெளிப்பக்கமே வீசிப் பழகியிருப்பார்கள். மர மட்டைக்கு எதிராக உள்ளே வீச முதல் நாளிலிருந்து கற்க வேண்டும். மட்டை முறியும் சத்தம் கேட்கும் நாளெல்லாம் அவன் முகமே வேறாக இருக்கும்.

அவனுக்குப் பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் பந்து அற்புதமாக வரும். அதை வைத்தே கீழ் லீக்கில் எல்லாரையும் அவுட் ஆக்கிவிடலாம், ஆனால் அணிக்காரர்கள் வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப் வீசச் சொன்னார்கள், அடி வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு ஆட்டத்துக்கு இத்தனை வீசியே ஆக வேண்டும் என்று. இடதுகை ஆட்டக்காரர்களை மூன்றாம் முறை சந்திக்கும்போது ஸ்லைடர் மட்டும் போதாது என்பது காரணம். ஸ்கோர் பலகையில் நான்கு ரன், ஐந்து ரன் என்று ஏறும். நான் கேலரியில் உட்கார்ந்து புலம்புவேன். அவன் ரன் சராசரியைப் பார்த்து அந்த வருடத்தை எடைபோட்டது என் தப்பு. அணியின் கணக்கு வேறு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். தினமும் இரவு சாப்பிட உட்காரும்போது "எப்போது மேலே அனுப்புகிறார்கள்?" என்று கேட்பேன். அன்பாகத்தான் கேட்டேன். கூட டிராஃப்ட் ஆன பையன்கள் ஒரு படி மேலே ஹை ஏ மட்டத்துக்குப் போய்விட்டதையும் நான்தான் படித்துச் சொல்வேன். ஜூலையில் ஒரு காலை, காபி டம்ளரை இடது கையால் எடுத்தான். அவன் வலதுகைக்காரன். அடுத்த நாளும் அப்படியே. நான் பார்த்தேன், கேட்கவில்லை. அவன் டிரெயினரிடமும் சொல்லவில்லை. இரண்டு ஆட்டம் கழித்து நான்காம் இன்னிங்ஸில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தசைநார் கிழிந்திருந்தது, அதைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2019 முழுக்க மறுவாழ்வுப் பயிற்சி, 2020-ல் கொரோனாவால் மைனர் லீக்கே நடக்கவில்லை. இரண்டு வருடம் போயிற்று. ஹை ஏ-க்கு அடுத்த படியான டபுள் ஏ வரை வந்தான், அதற்குமேல் வேகம் திரும்பவில்லை. இப்போது ஒரு சின்னக் கல்லூரியில் பிட்சிங் கோச்.

எல்லாருக்கும் அப்படி முடியாது. ஜேக்கப் டிகிராம் 2010-ல் ஒன்பதாம் சுற்றில் எடுக்கப்பட்டு, அதே வருடம் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2014-ல் மேலே வந்து பிறகு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டு வாங்கினார். ஆனால் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டராக நின்றவரை நான்கு வருடம் பொறுத்து வளர்க்க அப்போது இடம் இருந்தது. இப்போது அந்த இடத்தையே சுருக்கிவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. 160 மைனர் லீக் அணிகளை 120 ஆக்கினார்கள், 40 சுற்று டிராஃப்ட் 20 ஆயிற்று. எங்கள் ஊர் அணியும் போனது. தலைமுறை தலைமுறையாக டிக்கெட் வாங்கிய பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோடையில் கல்லூரிப் பையன்கள் வந்து ஆடுகிறார்கள், நாங்களும் போகிறோம், ஆனால் ஏப்ரல் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சீசன் இனி வராது. கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் பையனுக்கு நல்லது என்னவென்றால், 2022 முதல் தங்குமிடம் அணியே தர வேண்டும், 2023 ஒப்பந்தத்தில் ஹை ஏ-க்குக் கீழே உள்ள சிங்கிள் ஏ-யில்கூட வருடத்துக்கு 26,200 டாலர் ஆக்கினார்கள். அடுத்த வசந்தத்தில் சிங்கிள் ஏ அல்லது ஹை ஏ-யில் தொடங்குவான், இன்னிங்ஸுக்கு வரம்பு இருக்கும், நடுவில் ஓரிரு வாரம் வேண்டுமென்றே நிறுத்துவார்கள், அப்போதும் பதறாதீர்கள். தங்கையிடம் சொல்லி, மேலே எப்போது என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்கலாம்.

எந்தச் சுற்றில் எடுத்தார்கள், கல்லூரியில் இந்த வருடம் எத்தனை இன்னிங்ஸ் வீசினான், இதற்குமுன் முழங்கையில் வலி இருந்ததா என்று எழுதவில்லை. எழுதினால் எனக்குத் தெரிந்த அளவில் இன்னும் சொல்கிறேன்.