மச்சான் லாரியில் ஏறாத நெல்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். முதல் நாவலில் ஐந்து அத்தியாயங்கள் முடித்து உங்களுக்கு அனுப்பியிருந்தேன். நாயகன் கலியபெருமாள், மூன்று ஏக்கர் விவசாயி. படித்த நண்பர்கள், "ஆள் நன்றாக இருக்கிறார், எதற்காக நடமாடுகிறார் என்றுதான் தெரியவில்லை" என்கிறார்கள். காவிரி உரிமையை மீட்பதே அவர் லட்சியம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இதைவிடப் பெரிய லட்சியம் எதைக் கொடுப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியது வேண்டாம். காவிரிக்கு நடுவர் மன்றம் அமைத்தது 1990-ல். இறுதித் தீர்ப்பு 2007-ல். அதன்மேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018-ல். இதில் கலியபெருமாள் காலையில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் செய்யக்கூடிய வேலை எது? மறியலில் உட்காரலாம், சாயங்காலம் வீடு திரும்பலாம். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் அதுதான் நடக்கிறது. நான்காவதிலும் அதுதான்.

இரண்டாம் அத்தியாயத்தில் அவர் அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கிறார். அதை அரைப் பக்கத்தில் தாண்டிவிட்டீர்களே என்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தளர்வு அறிவித்தாலொழிய ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். மீட்டர் 19 காட்டினால் மறுபடியும் சாலையில் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் காயவைக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், போர்த்தியிருந்த தார்ப்பாயை விலக்க ஆரம்பித்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

அதே பக்கத்தில் நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நெல் வியாபாரியான மச்சான் மோட்டார் சைக்கிளில் கடந்துபோகிறார். கலியபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏன்? மச்சானிடம் போட்டால் விலை குறையும், ஆனால் பணம் இன்றே கைக்கு வரும், நெல்லும் முளைத்துப்போகாது. அப்படியும் போடமாட்டார் என்றால் அவருக்கு வேண்டியதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: இந்த நெல் மச்சான் லாரியில் ஏறக் கூடாது. மச்சான் என்றால் மனைவிக்கு அண்ணன். ராத்திரி சோறு போடும்போது அந்தப் பேச்சு வராமலா இருக்கும்? உங்கள் ஐந்து அத்தியாயங்களில் அந்த அம்மாள் மொத்தம் மூன்று முறை காபி கொடுக்கிறார், அவ்வளவுதான்.

முதல் பக்கத்து அறிவிப்பையும் எடுத்துவிடுங்கள். நம் பக்கத்து ஆட்கள் மனதில் இருப்பதை அப்படி வாய்விட்டுச் சொல்கிறவர்களா? கேட்டால், "மழை வரும்போல் இருக்கிறது" என்பார்கள்.

கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று எங்கேயும் காணோம். சம்பா அறுப்பு என்றால் தை, மாசி. பெரும்பாலும் வெயில்தான், இரண்டு நாள் பொறுத்தால் நெல் காய்ந்துவிடும், மச்சானுக்கு அங்கே வேலையே இல்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை போட்டிருந்தால், அறுப்பு முடிந்து நெல் சாலைக்கு வரும்போது ஐப்பசி அடைமழைக்கு நாலு நாள்தான் இருக்கும். எது என்று முடிவு செய்து எழுதுங்கள். ஆறாம் அத்தியாயத்தை அதற்குப் பிறகு பேசலாம்.