மாசாமாசம் வர்ற வயித்துவலிய கேஸ்டிக்னு விட்டுறாதீங்க

தங்கச்சி, நீங்க ரெண்டு பக்கத்துக்கு எழுதினதுல எனக்கு பதறினது ஒரே வரியில தான். மகளுக்கு பதினாலரை வயசு, இன்னும் பெரிய புள்ள ஆகல, ஆனா மாசத்துக்கு ஒருக்கா மூணு நாலு நாள் அடிவயித்த புடிச்சிக்கிட்டு சுருண்டு படுக்கிறா, கேஸ்டிக்னு மாத்திரையும் பெனடோலும் குடுத்துக்கிட்டு இருக்கீங்க. கிளினிக்ல ஸ்கேன் எழுதி குடுத்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் கூட்டிட்டு போகல.

ஸ்கேன்ல கர்ப்பப்பையே இல்லன்னு சொல்லிட்டா என்ன செய்றது, லயத்து வீடுகள்ல இருக்கிற சனத்துக்கு தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்னு கடைசியில பொடி எழுத்துல எழுதியிருக்கீங்களே, அதுக்கு தான் முதல்ல பதில் சொல்லணும். மார்பு வளர ஆரம்பிச்சி மூணு வருஷம் ஆச்சு, வலியும் மாசாமாசம் தவறாம வருதுன்னா பெரும்பாலும் கர்ப்பப்பை இருக்கு, வேலையும் செய்யுது. ரத்தம் வெளிய வர்ற வழி தான் அடைபட்டிருக்கும். சில புள்ளைகளுக்கு பிறக்கும்போதே பிறப்புறுப்பு வாசல்ல இருக்கிற கன்னிச்சவ்வுல துவாரம் இருக்காது, இல்லாட்டி கொஞ்சம் மேல குறுக்க ஒரு தடுப்பு இருக்கும். மாசாமாசம் ஊறுற ரத்தம் உள்ளயே தங்கி கித்துள் பனைப் பாகு மாதிரி கெட்டியாகி கெடக்கும். ஸ்கேன்ல அது நல்லாவே தெரியும், கர்ப்பப்பைக்கு கீழ பை மாதிரி உப்பி சாம்பல் நிறத்துல இருக்கும். கர்ப்பப்பையோட உருவமும் பேசும். பெரிய புள்ள ஆகுறதுக்கு ரொம்ப முந்தி அது ஒரு சின்ன குழாய் மாதிரி இருக்கும், ஹோர்மோன் வேலை செய்ய ஆரம்பிச்சா மேல்பக்கம் பருத்து நம்ம நுவரெலியா பேரிக்கா மாதிரி ஆயிரும்.

சவ்வு மட்டும் தான்னா சின்ன ஒபரேஷன், மயக்கம் குடுத்து திறந்து விடுவாங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம். மேல தடுப்பு இருந்தா எம்.ஆர்.ஐ எடுத்து பார்த்து கொஞ்சம் பெரிய ஒபரேஷனா செய்யணும். நாள் தள்ளினா ரத்தம் கருக்குழாய் வழியா பின்னால ஏறி வயித்துக்குள்ள போய் சேரும், பிற்காலத்துல புள்ள பெறுறதுக்கே அது இடைஞ்சல் ஆகலாம். ஸ்கேனுக்கு இல்ல, நாள் கடத்துறதுக்கு தான் நீங்க பயப்படணும்.

பாமசியில போய் பீரியட்ஸ் வர வைக்கிற மாத்திரை வாங்கி குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத வாசிச்சி எனக்கு சரியான கோவம். வழி அடைச்சி கெடக்கிற எடத்துல இன்னும் ரத்தத்த இறக்கி விட்டா வலி தானே கூடும்? இன்னைக்கே நிப்பாட்டுங்க. யாராவது ஊசியால குத்தி எடுத்துரலாம்னு சொன்னாலும் சம்மதிக்காதீங்க, கிருமி உள்ள போயிரும்.

ஸ்கேன்ல கதிர்வீச்சு கெடையாது, வெறும் ஒலி அலை. இவள வயித்துல வச்சிருந்தப்ப உங்களுக்கும் அதத் தானே செஞ்சாங்க. பொம்பள புள்ளைக்கு உள்ளுக்கு எதையும் விட மாட்டாங்க, வயித்து மேல ஜெல் தடவி தான் பார்ப்பாங்க, நீங்களும் பக்கத்துலயே நிக்கலாம்.

யூடியூப்ப பார்த்துட்டு பிசிஓஎஸ்னு, அதான் ஹோர்மோன் கோளாறுல வர்ற சூல்பை நீர்க்கட்டி பிரச்சினைன்னு பயப்படுறீங்க. இந்த வயசுல சூல்பையில சின்ன சின்ன நீர்க்கொப்பளம் நிறைய தெரியிறது சகஜம். பெரிய புள்ள ஆகி 8 வருஷம் போகுற வரைக்கும் ஸ்கேன வச்சி பிசிஓஎஸ்னு சொல்லவே கூடாதுன்னு தான் டொக்டர்மாருக்கான வழிகாட்டியே இருக்கு. முகப்பருவும் ஒரு பக்க மார்பு சின்னதா இருக்கிறதும் இந்த வயசுல வர்றது தான், விடுங்க. சின்னவளுக்கு 9 வயசுல இன்னும் ஒண்ணும் தெரியலன்னா கவலைப்படாதீங்க, மார்பு வளர ஆரம்பிக்க 13 வரைக்கும் பொறுக்கலாம். 8 வயசுக்கு முன்னால வளர ஆரம்பிச்சிருந்தா தான் காட்டியிருக்கணும்.

ஒண்ணே ஒண்ண மட்டும் மறக்காதீங்க. வலியோட மகளுக்கு மூத்திரம் போக முடியலன்னாலோ, முக்கி முக்கி சொட்டு சொட்டா போனாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள பார்த்துக்கிட்டு இருக்காம ராத்திரின்னாலும் ஓட்டோ பிடிச்சி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. உள்ள தேங்கின ரத்தம் மூத்திர வழிய நெருக்கும்.

அப்படி எதுவும் இல்லன்னா இந்த வாரத்துலயே ஒரு நாள் பேர், அதான் அன்னைக்கு சம்பளம், போனாலும் பரவால்லன்னு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ ஸ்கேனுக்கு கூட்டிட்டு போங்க. ஒரு மணித்தியாலம் முந்தியே நாலஞ்சு கிளாஸ் தண்ணி குடிக்க வச்சி மூத்திரத்த அடக்கிக்க சொல்லுங்க, மூத்திரப்பை நிறைஞ்சா தான் கர்ப்பப்பை தெளிவா தெரியும். கலண்டர்ல வலி வந்த தேதிய எல்லாம் வட்டம் போட்டு கையோட எடுத்துட்டு போங்க, டொக்டர் முதல்ல அதத் தான் கேப்பாங்க.