கேன்டர்பரி ரக்பி உடைகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பள்ளியில் ரக்பி ஆடும் பையனுக்கு அதையே வாங்கலாமா?

நியூசிலாந்தில் வசிக்கிறேன். என் பையனும் பள்ளி அணியில் ஆடுகிறான். அதனால் இந்தக் கடைகளில் ஏறி இறங்கிய பழக்கம் உண்டு.

மவுசுக்குக் காரணம் ஆல் பிளாக்ஸ், அதாவது நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணி. 1904-ல் இங்கே கேன்டர்பரி பகுதியில் லேன், வாக்கர், ரட்கின் என்று மூன்று பேர் தொடங்கிய நிறுவனம்தான் கேன்டர்பரி. 1924 முதல், 1999-ல் அடிடாஸ் உள்ளே வரும்வரை, தேசிய அணியின் கறுப்பு ஜெர்சி இவர்களுடையதுதான். இந்த நாட்டில் அதற்கு மேல் ஒரு விளம்பரம் தேவையா?

சரக்கும் சும்மா இல்லை. ஓடுகிறவன் சட்டை கையில் சிக்கினால் அதைப் பிடித்து இழுத்தே சாய்த்துவிடும் ஆட்டம் இது. அந்த இழுவைக்குத் தாங்குகிற கனமான பருத்தித் துணி, அப்புறம் ரப்பர் பட்டன். பழைய ஜெர்சி எங்காவது கண்ணில் பட்டால் பட்டனை நகத்தால் அழுத்திப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். கெட்டிப் பட்டனாக இருந்தால் தெறித்துவிடும், இல்லாவிட்டால் ஆட்கள் குவிந்து விழும்போது யார் கன்னத்தையாவது கீறிவிடும். மிஞ்சிய துணிகளைச் சேர்த்து, கை ஒரு நிறம், மார்பு ஒரு நிறம் என்று தைத்த 'அக்லீஸ்' ஜெர்சிகளும் இவர்களுடையவை. பார்க்கக் கண்றாவிதான், ஆனாலும் எனக்கு அதன்மேல்தான் ஆசை.

பருத்தியில் ஒரே தொல்லை, மழையில் ஊறினால் கனத்துத் தொங்கும். செயற்கை இழை வந்ததும் அதன் காலம் முடிந்தது. 2003 ரக்பி உலகக் கோப்பையை இங்கிலாந்து உடம்போடு ஒட்டிய சட்டையில் ஆடி வென்றது. பிடிக்கத் துணியே இல்லாதபோது எதை இழுப்பது? இப்போது கேன்டர்பரி உட்பட எல்லோரும் அப்படித்தான் தைக்கிறார்கள். காலர் வைத்த கனத்த ஜெர்சி வார இறுதியில் ஊர் சுற்றப் போடும் உடையாகிவிட்டது. நிறுவனமும் 2009-ல் நெருக்கடியில் சிக்கி, கைமாறி, இன்று பிரிட்டனின் பென்ட்லண்ட் குழுமத்திடம் இருக்கிறது.

சரி, பையனுக்கு? ஆட்ட ஜெர்சியைப் பெரும்பாலும் பள்ளியே கொடுத்துவிடும், விசாரித்துக்கொள்ளுங்கள். காசை பூட்ஸில் போடுங்கள். அடியில் பிடிமானத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்களான ஸ்டட் 21 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது, முனையில் பிசிறும் இருக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொருவரையும் காலைத் தூக்கச் சொல்லி அடியில் விரலால் தடவிப் பார்ப்பார். உலோக ஸ்டட்டோடு சிமென்ட் தரையில் நடந்தால் பிசிறு கிளம்பிவிடும், பையனிடம் சொல்லி வையுங்கள்.

மவுத்கார்டு கட்டாயம் வேண்டும். வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்துப் பல்லுக்குப் பொருத்திக்கொள்ளும் வகையே ஆரம்பத்துக்குப் போதும். தலையில் மாட்டும் பஞ்சுத் தொப்பியான ஹெட்கார்டு விஷயத்தில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். விதிப்படி அதன் பஞ்சு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. காது நசுங்காமலும் மண்டைத் தோல் கிழியாமலும் காக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், எந்தக் கம்பெனி முத்திரை இருந்தாலும் சரி.

கேன்டர்பரியில்தான் ஏதாவது வாங்க வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் ஷார்ட்ஸ் வாங்கிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் சேற்றிலும் போடுகிறான், தூங்கும்போதும் போடுகிறான்.